கூடி வாசித்து, கூடிக் காத்திருக்கும் நான்கு வாரங்கள்

டிசம்பர் பிறப்பதற்கு முன்பே பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரங்கள் நிமிர்ந்துவிடுகின்றன. ஒலிபெருக்கியில் பண்டிகைப் பாடல்கள் கேட்கின்றன. மலிவு விற்பனை அறிவிப்புகள் வாசலிலேயே நம்மை வரவேற்கின்றன. ஆனால், அதே வாரத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயத்திற்கோ லுத்தரன் தேவாலயத்திற்கோ சென்று பார்த்தால் காட்சி வேறாக இருக்கும். பீடத்தில் ஊதா நிறத் துணி விரிக்கப்பட்டிருக்கும். பூ அலங்காரம் குறைவாக இருக்கும். குடில் கட்டத் தொடங்கியிருந்தாலும், குழந்தை இயேசுவின் சுரூபம் இன்னும் அதில் வைக்கப்பட்டிருக்காது. பண்டிகை இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கும் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இதைத்தான் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் அட்வெந்து என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. வருகை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இக்காலம் தனியாக அனுசரிக்கப்படுவதில்லை.

வீட்டுக்குச் சாயம் பூசுவது, பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பது, முறுக்கும் கேக்கும் செய்வது ஆகியவைதான் பண்டிகைக்கான தயாரிப்பு என்று பலரும் நினைக்கிறோம். அவையும் வேண்டியவையே. ஆனால், இந்த நான்கு வாரங்களில் திருச்சபை தன் மக்களிடம் முதலில் கேட்பது இரண்டு காரியங்களைத்தான். ஒன்று, வேதத்தை வாசிப்பது. மற்றொன்று, கூடி வழிபடுவது. இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதை நம்மில் பலர் மறந்து வருகிறோம். அதனால்தான் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எப்போது தொடங்குகிறது?

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது இக்காலம். முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதனால் ஆண்டுக்கு ஆண்டு இதன் நீளம் மாறுகிறது. 2022ஆம் ஆண்டில் நவம்பர் 27ஆம் தேதி தொடங்கி, முழுமையாக 28 நாட்கள் நீடித்தது. 2023ஆம் ஆண்டில் டிசம்பர் 3ஆம் தேதிதான் தொடங்கியது. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24ஆம் தேதியும் ஒரே நாளில் வந்தன. காலையில் திருவருகைக் காலத் திருப்பலி, இரவில் கிறிஸ்துமஸ் திருப்பலி என்று ஆலயங்கள் பரபரப்பாக இருந்ததற்கு அதுவே காரணம்.

திருவழிபாட்டு ஆண்டும் இந்த முதல் ஞாயிறில்தான் பிறக்கிறது. நாட்காட்டிக்கு ஜனவரி முதல் நாள் எப்படியோ, ஆலயத்திற்கு இந்த ஞாயிறு அப்படி. ஊதா நிறம் மனமாற்றத்தையும் ஆயத்தத்தையும் குறிக்கிறது. மூன்றாம் ஞாயிறன்று மட்டும் கத்தோலிக்கக் குருக்கள் இளஞ்சிவப்பு உடை அணியலாம். மகிழ்ச்சி நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. கத்தோலிக்கத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதத்தை இக்கால ஞாயிறுகளில் பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவில் மணியோசையோடு அது திரும்ப ஒலிக்கும்போது, நான்கு வாரம் அது இல்லாதிருந்தது நமக்கு உறைக்கும்.

வாரம் ஒன்றாக ஏற்றப்படும் மெழுகுவர்த்திகளைக் கொண்ட பசுமை வளையம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்பவர் 1839ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று சிறுவர்கள் நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, மற்ற நாட்களுக்குச் சிறியவை. அவற்றை நாள்தோறும் ஒன்றாக ஏற்றியபடி சிறுவர்கள் கூடி ஜெபித்தார்கள். இன்று நான்கு மெழுகுவர்த்தி மட்டும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் தொடக்கத்திலிருந்தே அது பலர் சூழ்ந்து நின்று ஏற்றிய விளக்குதான்.

நான்கு ஞாயிறுகளில் என்ன வாசிக்கிறார்கள்?

கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்தவை. ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்த ஆண்டு லூக்கா நற்செய்தி. 2025 நவம்பர் 30ஆம் தேதி தொடங்கியது மத்தேயு ஆண்டு. 2026 நவம்பர் 29ஆம் தேதி தொடங்குவது மாற்கு ஆண்டு. ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் பலவும் இதையொட்டி அமைந்த பொது வாசக அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, கிள்ளான் லூர்து அன்னை ஆலயத்திலும், சிங்கப்பூர் ஓபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்திலும் ஒரே ஞாயிறன்று ஒரே பகுதி தமிழில் வாசிக்கப்படுகிறது. அட்டவணையைப் பின்பற்றும் மற்ற சபைகளிலும் பெரும்பாலும் அதே பகுதியோ, அதற்கு நெருங்கியதோதான் வரும்.

முதல் ஞாயிறின் செய்தி விழித்திருங்கள் என்பது. மாற்கு நற்செய்தியில் வரும் உவமையைப் பாருங்கள். வீட்டுக்காரர் பயணம் போகிறார். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையை ஒப்படைக்கிறார். வாயில் காப்பவரிடம் விழித்திருக்கச் சொல்கிறார். அவர் மாலையில் வருவாரா, நள்ளிரவில் வருவாரா, சேவல் கூவும்போது வருவாரா, விடியலில் வருவாரா என்பது தெரியாது. இரவு ஜாகா வேலை பார்ப்பவருக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். ஒட்டக மயிராடை அணிந்து, வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உண்டு, பாலைநிலத்தில் நின்று மனம் மாறும்படி அழைத்தவர் அவர். நான்காம் ஞாயிறு ஒரு குடும்பத்திற்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. ஓர் ஆண்டு சூசையின் குழப்பம், மறு ஆண்டு மரியாவுக்குக் கிடைத்த செய்தி, அடுத்த ஆண்டு மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வு என்று வாசகங்கள் மாறி மாறி வரும்.

இவற்றோடு எசாயாவின் நூலும் இக்காலத்தில் அதிகம் வாசிக்கப்படுகிறது. வாள் கலப்பைக் கொழுவாகும், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும், பாலைநிலம் பூக்கும் என்ற வாக்குறுதிகள் அதில் உள்ளன. அந்நூலின் 40ஆம் அதிகாரம், எருசலேம் அழிக்கப்பட்டு பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். சொந்த மண்ணை விட்டு வேறு நாட்டில் தலைமுறைகளைக் கடத்திய மக்கள் அவர்கள். அவர்கள் சிறைப்பட்டுச் சென்றவர்கள். நம் முன்னோரோ பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஊரை இழந்தவர் நெஞ்சுக்கு அந்த அதிகாரம் சட்டென்று எட்டிவிடும்.

தனியாக வாசித்தால் போதாதா?

இன்று கைப்பேசியைத் திறந்தால் அன்றைய வாசகம் தமிழிலேயே கிடைக்கிறது. மறையுரையும் காணொளியில் வருகிறது. அப்படியிருக்க, எதற்குக் கூட வேண்டும் என்று இளையோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

வேதத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தில், நாடு திரும்பிய மக்கள் எருசலேமின் தண்ணீர் வாயிலுக்கு எதிரே உள்ள வெளியில் கூடுகிறார்கள். எஸ்ரா மர மேடையில் நின்று, விடியல் தொடங்கி நண்பகல் வரை திருச்சட்டத்தை உரக்க வாசிக்கிறார். ஆண்களும் பெண்களும், புரிந்துகொள்ளக்கூடிய வயதினர் அனைவரும் கேட்கிறார்கள். லேவியர்கள் மக்களிடையே நின்று பொருளை விளக்குகிறார்கள். கேட்ட மக்கள் அழுகிறார்கள். அப்போது அவர்களுக்குச் சொல்லப்படுவது என்ன? அழாதீர்கள், போய் நல்ல உணவு உண்ணுங்கள், ஏதும் ஆயத்தம் செய்ய வழியில்லாதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்பதுதான்.

இதில் மூன்று படிகள் உள்ளன. ஒருவர் வாசிக்கிறார், எல்லோரும் கேட்கிறார்கள். புரியாதவருக்குப் புரிந்தவர் விளக்குகிறார். இறுதியில் இல்லாதவர் வீட்டுக்குச் சாப்பாடு போகிறது. தனியாக வாசிக்கும்போது முதல் படி ஓரளவு நடக்கும். மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் மனிதர் வேண்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைக் கைப்பேசி சொல்லாது. பக்கத்தில் அமர்ந்து ஜெபிக்கும்போது தழுதழுக்கும் குரல் சொல்லிவிடும்.

மரியாவும் தனியாகக் காத்திருக்கவில்லை. செய்தி கிடைத்ததும் மலைநாட்டுக்கு விரைந்து, வயதான உறவினர் எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். ஓர் இளம்பெண்ணும் ஒரு மூதாட்டியும் ஒரே கூரையின்கீழ் இருந்து காத்திருந்தார்கள். இறைவன் தாழ்ந்தோரை உயர்த்துகிறார், பசித்தோரை நிரப்புகிறார் என்று மரியா பாடிய புகழ்பெற்ற பாடல் பிறந்ததும் அந்த வீட்டில்தான்.

தோட்டத்துக் கோயில் காட்டிய வழி

நம் முன்னோருக்கு இதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. அந்தக் காலத் தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. ஊரிலிருந்து வந்த கடிதத்தையும், கைக்குக் கைமாறிய பத்திரிகையையும் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டார்கள். வேதமும் அப்படித்தான். தோட்டத்துச் சிற்றாலயத்திற்குக் குருவானவரோ போதகரோ ஒவ்வொரு வாரமும் வர முடியாது. இடைப்பட்ட ஞாயிறுகளில் உபதேசியாரோ, படித்த பெரியவர் ஒருவரோ ஜெபம் நடத்தினார். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவிடும் வரை கத்தோலிக்கத் திருப்பலி லத்தீனில்தான் இருந்தது. ஆனால் தோட்டத்து மக்களின் ஜெபமும் பாட்டும் தமிழிலேயே இருந்தன.

காத்திருப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆண்டிறுதி மழைக்காலம். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. வானத்தைப் பார்த்தபடி பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு, மழைக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் விவசாயியைப் பற்றி யாக்கோபு எழுதிய வரிகள் வேறு விதமாகக் கேட்டிருக்கும். அவன் மழையை எதிர்பார்த்தான். இவர்கள் மழை நிற்பதை எதிர்பார்த்தார்கள். பொறுமை ஒன்றுதான்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. நிலம் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்சாலையாகவும் மாறியது. லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் வெவ்வேறு தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறினார்கள். இந்நிலையில், 1976ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியக் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் ஒரு மாத காலம் கூடி ஆலோசித்தபோது, அக்கம்பக்கத்துச் சிறு குழுக்களைக் கட்டியெழுப்புவதை முக்கியப் பணியாக முன்வைத்தார்கள். இன்றைய அன்பியக் கூட்டங்களுக்குப் பின்னால் அந்தத் தீர்மானமும் இருக்கிறது. மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டங்கள் இதே வேலையைச் செய்கின்றன. லயத்து வாசலில் தானாகக் கூடியதை, இப்போது நாள் குறித்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கைநழுவிக்கொண்டிருப்பது மொழி. பேரப்பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் வாசிக்கத் தடுமாறுவார்கள். தாத்தா பாட்டி தமிழ்த் திருப்பலிக்கும், பிள்ளைகள் ஆங்கிலத் திருப்பலிக்கும் தனித்தனியே போகும் குடும்பங்கள் உண்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டே, ஒரே வாசகத்தை ஒருபோதும் சேர்ந்து கேட்காத நிலை வந்துவிடுகிறது. பாட்டிக்கு மனப்பாடமான திருப்பாடல் பேத்திக்குப் போய்ச் சேராமலேயே நின்றுவிடும் ஆபத்து இது. இந்த நான்கு வாரங்கள் அதைச் சரிசெய்யக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு.

வீட்டில் எப்படிச் செய்வது?

இதற்குப் பெரிய ஏற்பாடு ஏதும் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம் போதும். மூன்று நான்கு குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடலாம். அடுத்த வாரம் வேறொரு வீடு.

முதலில், அந்த வீட்டின் மிக இளையவர் மெழுகுவர்த்தியை ஏற்றட்டும். வரப்போகும் ஞாயிறின் நற்செய்தியை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். யார் வாசிப்பது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் ஒருமுறை பழகிக்கொள்வார். மற்றவர்கள் புத்தகத்தையும் கைப்பேசியையும் மூடிவைத்துவிட்டுக் கேட்பது நல்லது. அதே பகுதியை இரண்டாம் முறை வேறொருவர் வாசிக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கலாம். பாட்டி தமிழில் கேட்டதைப் பேரன் மலாயில் வாசிக்கும்போது இருவருக்கும் பேச ஏதோ ஒன்று கிடைக்கும்.

பிறகு இரண்டு நிமிடம் அமைதி. மனத்தில் தங்கிய ஒரு சொல்லையோ ஒரு காட்சியையோ விரும்பியவர் சொல்லலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தவோ வாதாடவோ வேண்டாம். அடுத்து ஜெபம். 'நோயாளிகள் அனைவருக்காகவும்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, வாரம் மூன்று முறை டயாலிசிசுக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணனை, வேலை இழந்த தம்பியைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு, ஒரு குவளை தேநீர்.

வெவ்வேறு சபையினர் கூடும்போது மொழிபெயர்ப்பு வேறுபாடு தலைகாட்டும். தமிழில் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் சீகன்பால்கு முயற்சியால் அச்சாகிவிட்டது. அந்த நீண்ட மரபில் வந்த பழைய மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்', 'ஏசாயா', 'யோவான் ஸ்நானகன்' என்று இருக்கும். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'ஆண்டவர்', 'எசாயா', 'திருமுழுக்கு யோவான்' என்று இருக்கும். எது சரி என்று சண்டை வேண்டியதில்லை. ஒரு முறை அதில், மறு முறை இதில் வாசித்துப் பாருங்கள். ஒன்றில் புரியாமல் கடந்துபோன சொல் மற்றொன்றில் பிடிபடும்.

வாசித்த பிறகு?

லூக்கா நற்செய்தியில் திருமுழுக்கு யோவானிடம் மக்கள் கேட்ட கேள்வி மிக எளியது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அவர் தந்த பதிலும் எளியதே. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர வேண்டும். உணவுக்கும் அதுவே. வரி வசூலிப்பவர் குறிக்கப்பட்டதற்கு மேல் வாங்கக் கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, தம் ஊதியம் போதும் என்றிருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வரும்படி அவர் யாரையும் அழைக்கவில்லை. அவரவர் தொழிலில் நேர்மையாக இருக்கும்படிதான் சொன்னார்.

நமக்கும் இது பொருந்தும். ஆள் வைத்து வேலை வாங்கும் குத்தகையாளர், பண்டிகைக்கு முன் சம்பள பாக்கியைக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் எடையைச் சரியாகப் போடலாம். கேரல் பாடப் போகும் இளையோர், வசதியான வீடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாடிப்படி இறங்க முடியாத முதியவர் வீட்டிலும் ஒரு பாட்டுப் பாடி, அந்த வார வாசகத்தை வாசித்துவிட்டு வரலாம். அன்பளிப்புக் கூடை கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவதைவிட, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது சிலருக்குப் பெரிய பண்டிகை.

மற்ற சமய நண்பர்களுக்கும் இதில் அந்நியம் ஏதுமில்லை. டிசம்பர் நடுப்பகுதியில் மார்கழி பிறக்கிறது. விடியற்காலையில் கோயிலில் கூடி, திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடும் மாதம் அது. தோழியை எழுப்பி அழைத்துக்கொண்டு போவது அங்கும் வழிபாட்டின் ஒரு பகுதி. இரண்டும் வெவ்வேறு நம்பிக்கைகள். ஆனாலும் உறங்குபவரை எழுப்பி உடன் அழைத்துச் செல்லும் பழக்கம் தமிழர் வீடுகளுக்குப் பழக்கமானதே.

கிறிஸ்துமஸ் இரவில் ஆலயம் நிரம்பி வழியும். இடம் கிடைக்காமல் வெளியே நிற்பவர்களும் இருப்பார்கள். அதற்கு முந்தைய நான்கு வாரங்கள்தான் வெறிச்சோடிவிடக் கூடாது. முதல் மெழுகுவர்த்தி ஏற்றப்படும் ஞாயிறன்று, உங்கள் வரிசையில் தனியாக அமர்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்த வாரக் கூட்டம் எந்த வீட்டில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அவருக்கு வர வண்டி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.